கண்ணாடி போட்ட புள்ள

கண்ணாடி இல்லாவிட்டால் நான் பாதி மனுஷி. காலையில் விழித்ததும் தலையணைக்குப் பக்கத்தில் கை தடவும். அது அகப்பட்ட பிறகுதான் சுவரில் கடிகாரம் இருப்பதே தெரியும். சின்ன வகுப்பில் போட்டது, வருடத்துக்கு வருடம் தடித்து, கடைசியில் போத்தல் அடி மாதிரி ஆகிவிட்டது. மாரிகாலத்தில் ஸ்கூட்டியில் காரைதீவு தாண்டிப் பள்ளிக்கூடம் போவது பெரிய கூத்து. கண்ணாடியில் விழுகிற தண்ணீரைத் துடைக்கவே ஒரு கை வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரும் தெரியும், இங்கே சொல்ல மாட்டேன்.

அதற்கெல்லாம் நான் அழுததில்லை. அழ வைத்தது ஒரு சம்பந்தம். மாப்பிள்ளையின் உம்மா வந்து, சர்பத்தைக் குடித்து, வட்டிலப்பத்தையும் சாப்பிட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது கூட வந்தவரிடம் சொன்னார்: "புள்ள நல்ல புள்ளதான். என்ன, கண்ணாடி போட்ட புள்ள."

எனக்குக் கண்ணில்தான் பழுது, காதில் இல்லை. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன்: இனி வருகிறவர்கள் என்னைக் கண்ணாடியோடு பார்த்து ஓம் சொல்லட்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம். உம்மா பெருமூச்சு விட்டார். கூடப்பிறந்த மூத்தவர், ராத்தா மட்டும் என் பக்கம் நின்றார். வாப்பா மவுத்தான பிறகு எங்கள் வீட்டில் ராத்தா சொல்வதுதான் முடிவு. அவர் பக்கம் நின்றால் ஊரே பக்கம் நின்ற மாதிரி.

லேசர் கதையைக் கொண்டு வந்ததும் அவர்தான். கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் செய்கிறார்களாம், மறுநாளே கண் தெரியுமாம், செலவெல்லாம் அவர் பொறுப்பாம். நான் கணக்கு டீச்சர். நடுவில் ஒரு படி விடுபட்டால் எனக்கு மனம் ஏற்காது. நேராகவே கேட்டேன்.

"கலியாணக் கதை ஏதும் வந்திரிக்கா ராத்தா?"

"வல்லாஹி இல்ல புள்ள. இது உனக்காக. மழைக்க நீ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்த பிறகு என்னத்தைக் கேட்பது? எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று அசர் தொழுதுவிட்டு ராத்தாவுக்காக நீண்ட நேரம் துஆக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டு விறைக்க வைத்தார்கள். இமை மூடாமல் இருக்க ஏதோ ஒன்றை மாட்டினார்கள். பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிரு என்றார் டொக்டர். மெஷின் கடகடவென்று அடித்தது. தலைமயிர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. அது என் கண்ணிலிருந்துதான் வருகிறது என்று விளங்கியபோது எனக்கு ஓதிக்கொண்டிருந்த யாசீன் பாதியில் மறந்துபோனது. வெளியே வந்ததும் ராத்தா என்னைக் கட்டிப்பிடித்தார்.

மறுநாள் மூடியை எடுத்தார்கள். எதிர்ச் சுவரிலிருந்த எழுத்தெல்லாம் பொடி எழுத்து வரை தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பழைய கண்ணாடியை அங்கேயிருந்த தானப் பெட்டியில் போடச் சொன்னார் ராத்தா. ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் மூக்கில் இருந்ததை அப்படித் தூக்கிப் போட மனம் வரவில்லை.

வேனில் ஊர் வந்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் முன் கூடத்துச் சுவரைத்தான் பார்த்தேன். என் பட்டமளிப்புப் படம் அங்கே தொங்கும். கறுப்பு அங்கி, கையில் சுருள், மூக்கில் அந்தப் பெரிய கண்ணாடி. அதை வெறும் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு வந்தேன். அந்த ஆணியில் கஃபாவின் படம் தொங்கியது.

"சட்டத்தக் கறையான் அரிச்சிட்டு மகள், மாத்தக் குடுத்திரிக்கி" என்றார் உம்மா. நானும் நம்பினேன்.

கொஞ்ச நாளைக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றிருந்தார்கள். தொழுகைக்கு முன் வுழூவுக்கு முகம் கழுவ வழியில்லை, தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தடவித் தயம்மும் செய்ய வேண்டும். உம்மா கடற்கரை மணல் எடுப்பித்து, அதை மூன்று தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, மா அரிக்கிற அரிதட்டில் அரித்து, தட்டில் பரப்பிக் கொண்டுவந்து வைத்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உம்மா, தூசி இல்லாத மண்ணால தயம்மும் கூடாதே!"

"தூசி கண்ணுக்க விழுந்தா என்ன செய்யிற மகள்?"

முகத்துக்குக் கை படாமல் எதையோ செய்து தொழுதேன். பிறகு திருப்பித் தொழுது களா செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கறுப்புக் கண்ணாடி தேவைப்படாத நாள் வந்ததும் ராத்தா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆட்கள் வருகிறார்கள், நல்ல இடம், மாப்பிள்ளை இஞ்சினியர் என்றார்.

"என்னப் பத்தி அவங்களுக்கிட்ட என்ன சொன்ன நீங்க?"

"டீச்சர், மார்க்கப்பத்துள்ள புள்ள எண்டு சொன்ன நான்."

"கண்ணாடி?"

"கண்ணாடிதான் இப்ப இல்லயே."

"போட்டதே இல்ல எண்டு சொன்னீங்களா?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "முந்தி ஒரு தரம் பட்டது போதாதா? பழைய கதை எதுக்கு அவங்களுக்கு?"

"வல்லாஹி எண்டு சொன்னீங்களே ராத்தா."

"அப்ப அவங்க ஆள் விட்டுக் கேட்டிருந்த மட்டும்தான். நாங்க ஓமெண்டு சொல்லல்ல. அது ஒரு கதையா புள்ள?"

படம் ஏன் சுவரில் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கறையானும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மணலைக் கழுவின கைதான் என் படத்தையும் கழற்றியிருக்கிறது. என்னையும் அப்படித்தான் கழுவி, காய வைத்து, அரித்துத் தட்டில் பரப்பியிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைக் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அவ்வளவுதான். எனக்காக என்று சொல்லி என் துஆவையும் வாங்கிக்கொண்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணைக் கசக்கக் கூடாது என்பதால் கண்ணீரைத் துடைக்காமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளையின் உம்மா, அவருடைய மகள்மார், எங்கள் உம்மா, ராத்தா. சர்பத் தட்டை எடுக்கும் முன் கைப்பையைத் திறந்து பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டேன். தரை எழும்பி வந்தது. சுவர் வளைந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவிப் போனேன்.

"கண்ணாடி போடுறயா மகள்?" இது மாப்பிள்ளையின் உம்மாவின் குரல்.

"சின்னப் புள்ளயில இருந்து போட்ட நான் மாமி. இப்பதான் ஒப்பரேசன் செஞ்ச. இது பழைய கண்ணாடி. நீங்க ஒருக்காப் பாக்கோணும் எண்டு போட்டுட்டு வந்த."

யாரோ கிளாசை எடுத்தார்கள். தட்டு கையில் லேசானது. வந்தவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த நேரத்தில் நான் பார்க்க விரும்பியது ராத்தாவின் முகத்தை மட்டும்தான். அவர் இருந்த பக்கம் திரும்பினேன். ஊதா நிற உடுப்பும், அதற்கு மேலே கலங்கிய ஒரு வெளிச்சமும் தெரிந்தன. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றினால் தெளிவாகத் தெரியும். அவர் வாங்கித் தந்த கண்தானே. நான் கழற்றவில்லை.