மஞ்சள் பூசிய எல்லைக்கல்

என் சமையலறைப் பின்கதவைத் திறந்தால் நாலடி தள்ளி ஒரு கல். அதற்கப்பால் குளம். ஏழெட்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விளக்கேற்றி வந்தேன். அது கன்னிமார் கல் என்று சொன்னது அண்ணன். அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் தனக்கு, குளத்துப் பக்கம் எனக்கு என்று கோடு போட்டதும் அவர்தான்.

"இந்தக் குளத்துக் காத்து ஆருக்குக் கெடைக்கும் அம்மணி? பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். அஸ்திவாரம் போட்ட அன்று கல்லுக்கு முதல் மஞ்சளைப் பூசியதும் அவர் கைதான். அப்போது தண்ணீர் வற்றி எங்கோ நடுவில் கிடந்தது. குளத்திலிருந்து வீடு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கூடப் பிறந்தவரிடம் டேப்பை நீட்டிக்கொண்டா நிற்பார்கள்?

போன மாதம் குளத்தை அளக்க சர்வேயர் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், கடைசியில் என் சாமியைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதைக் கொஞ்சம் சுரண்டிப் பாக்கலாமுங்களா?"

"சாமியைச் சுரண்டுவீங்களா? மொதல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க!"

பாவம், கழற்றிவிட்டுத்தான் வந்தார். வண்டிச் சாவியால் சுரண்டினார். இத்தனை வருட மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே ஓர் அம்புக்குறி, அதன்கீழே எண்.

"இது குளத்து எல்லைக்கல்லுங்க. இதுல இருந்து பதினஞ்சு மீட்டர் தள்ளித்தான் ஊடு கட்டோணும்ங்க."

டேப்பை இழுத்துக்கொண்டு போனார். சமையலறை போனது, கூடம் போனது, மகள் படிக்கிற அறையும் போனது. பதினைந்து மீட்டர் முடிந்த இடம் எனக்கும் அண்ணனுக்கும் நடுவிலுள்ள காம்பவுண்டுச் சுவர். ஒரு சாண்கூடப் பிசகவில்லை. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும் என்றார் சர்வேயர், என் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அது என்ன கல்லுன்னு உங்களுக்குத் தெரியும்தானுங்களே அண்ணா?"

"சாமிக் கல்லைப் போயி ஆரு சுரண்டப் போறாங்கன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு" என்றார்.

அந்தக் 'கண்ணு'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கல்லின் முன் நின்று, எனக்கென்று எதுவும் கேட்பதற்கு முன்னால், அண்ணன் வீட்டுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறேன். வரவில்லை.