முடி நடப் போனேன்

ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தபோதுதான் முதலில் சந்தேகம் வந்தது. பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் பைக்கில் போய்வருவேன். ஹெல்மெட்டின் உட்பஞ்சு முழுக்க முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஹெல்மெட்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் ஒட்டியது.

இதே மாதிரி ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு நீங்களும் எங்காவது உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய நோய்களோடு போராடும்போது இவன் முடியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று மற்றவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். வேறு எந்த நோய் வந்தாலும் சுற்றியிருப்பவர்கள் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்வார்கள். முடி கொட்டினால் மட்டும் எல்லோரும் யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். அந்த யோசனைகளிலேயே எனக்கு மூன்று வருடம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான் குற்றவாளி. குழாய் அடைத்தாலும் அதுதான், பல் கறுத்தாலும் அதுதான். அம்மா அதையே பிடித்துக்கொண்டார். குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரில் என்னைத் தலைக்குக் குளிக்க வைத்தார். அதே போர் தண்ணீரில் குளித்த பக்கத்து வீட்டு மாமாவுக்கு அறுபது வயதிலும் காடு மாதிரி முடி. இதைச் சொன்னால், "அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற" என்பார். பிறகு சின்ன வெங்காயச் சாறு வந்தது. காலையில் எத்தனை முறை அலசினாலும், மதியம் அலுவலகத்தில் ஏசி ஓடும்போது என் இருக்கையைச் சுற்றி வெங்காயம் மணந்தது.

அண்ணனூரில் இருக்கும் என் நண்பன் தினேஷ் பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவன். அவனுக்கும் ஒரு யோசனை இருந்தது. "மச்சான், உனுக்கு டென்சன் ஜாஸ்தியா கீது. அதான் கொட்டுது. ஃப்ரீயா வுடு, தானா வளரும்." டென்ஷன் வேண்டாம் என்று தினமும் ஒருவன் சொல்வதைவிடப் பெரிய டென்ஷன் கிடையாது. அவனிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இருபத்தேழு வயதில் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். நெற்றி அதற்குள் உச்சிவரை ஏறிவிட்டிருந்தது. முடி போலத் தெரியும் கறுப்புப் பொடி ஒன்று கடையில் கிடைக்கிறது. மண்டை தெரியும் இடத்தில் தூவிக்கொள்ளலாம். அதைத் தூவிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வியர்வையோடு சேர்ந்து பொடி கறுப்பாக என் காலரில் இறங்கியது. பரிமாற வந்தவர் இலையைப் பார்க்காமல் என் கழுத்தையே பார்த்தார். முடி நட்டுக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் போன இடம் வெளியிலிருந்து மருத்துவமனை மாதிரியும் உள்ளே நகைக்கடை மாதிரியும் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் மருத்துவர் இல்லை, ஆலோசகர் என்பது பாதியில்தான் தெரிந்தது. எஃப்.யூ.இ. (பின்தலையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து வழுக்கையான இடத்தில் நடும் முறை) செய்யலாம் என்றார். டோனர் ஏரியா (முடியை எடுக்கும் பின்தலைப் பகுதி) நன்றாக இருப்பதாகவும் சொன்னார். பேனாவால் என் நெற்றியில் ஒரு கோடு போட்டு, கண்ணாடியைக் கொடுத்தார். அந்தக் கோடுவரை முடி இருந்தால் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

இந்த வயதில் அவசரமில்லையா என்று கேட்டேன். "இப்பவே பண்ணிட்டீங்கன்னா கல்யாணத்துல யாருக்குமே தெரியாது சார்" என்றார். மருத்துவர் வந்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார், போய்விட்டார். இரத்தப் பரிசோதனை எடுத்துத் தேதியும் குறித்தார்கள்.

இனி நடந்தது எங்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடியது. எனக்கு வேலை கிடைத்தால் திருத்தணியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்து ஐந்து வருடம் ஆகியும் நான் போகவில்லை. இருப்பதையும் மழித்துவிட்டுத் திரும்ப வளராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நட்ட பிறகு ரொம்ப நாளைக்கு மழிக்கக் கூடாது என்று நான் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் அன்னைக்கு எப்படியும் அவங்க தலையை மழிப்பாங்கதானே?"

"ஆமா."

"அந்த முடியைக் குப்பையிலதானே போடுவாங்க? அதைக் கொண்டுபோய் முருகனுக்குக் குடுத்துட்டா என்னடா? வேண்டுதலும் முடிஞ்சிடும்."

நான் பொறியியல் படித்தவன். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு மின்சார ரயிலில் திருத்தணி போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தோம். ஐந்து வருடப் பாரம் இறங்கியது என்று அம்மா ரயிலிலேயே நிம்மதியாகத் தூங்கினார்.

சிகிச்சை நாளன்று மருத்துவர் கையுறையோடு உள்ளே வந்து, என் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு உங்களை ஷேவ் பண்ணச் சொன்னது?"

"வேண்டுதல் டாக்டர்" என்றார் அம்மா. "எப்படியும் நீங்க எடுக்கப்போறதுதானே."

மருத்துவர் கண்ணை மூடித் திறந்தார். அவர்கள் மழிப்பதில்லை, மெஷினால் ஒட்ட வெட்டுவார்கள். அடியில் கொஞ்சம் முடி நின்றால்தான் அது எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று தெரியும், பிடித்து எடுக்கவும் முடியும். என் தலையில் பிடிக்க ஒன்றுமில்லை. போதாததற்குக் கத்தி பட்ட கீறல்கள் வேறு. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த ஒரு மாதத்தில்தான் சம்பந்தம் ஒன்று கூடி வந்தது. பாரிவாக்கத்தில் வீடு. பெண் சௌமியா, பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வாருங்கள் என்றார்கள். அம்மா ஃபோனில் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "பையன் திருத்தணியில மொட்டை போட்டிருக்கான். முடி கொஞ்சம் வளரட்டும், வந்துடுறோம்." இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியான பையனா என்று அந்தப் பக்கம் மகிழ்ந்துபோனார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அம்மா. "மொட்டை போட்டது உண்மைதானே?"

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. எரிச்சலுக்கு அதுதான் காரணம். சண்டை போடக்கூட எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

மொட்டையடித்த தலையில் முடி திரும்ப வரும்போது எதையும் மறைக்க முடியாது. உச்சி வெறுமையாகவே இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பக்கவாட்டிலும் பின்னாலும் கறுப்பு ஏறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த தினேஷ் என் பின்னால் நின்று சொன்னான்: "இன்னா மச்சான், பின்னாடியும் காலியா கீது?" சொன்னதும் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டென்ஷன் பற்றி அதன் பிறகு அவன் பேசவே இல்லை.

மறுநாள் அம்பத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தார். மருத்துவர் ஐம்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண்மணி. டெர்மோஸ்கோப் (தோலைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பின்தலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் படத்தை எங்களுக்கும் காட்டினார். தடித்த முடிகளுக்கு நடுவே பூனைமுடி போல மெலிந்தவை நிறைய இருந்தன.

"வழக்கமா ஆம்பளைங்களுக்கு முன்னாடியும் உச்சியிலும் கொட்டும், பின்னாடி நிக்கும்" என்றார். "உங்களுக்குப் பின்னாடியும் வேர் சிறுத்துக்கிட்டு வருது. அங்கே இருந்து எடுத்து முன்னாடி நட்டா, நட்டதும் கொஞ்ச வருஷத்துல கொட்டிடும். எடுத்த இடமும் திட்டுத் திட்டாத் தெரியும். நாற்றே நோஞ்சானா இருக்கும்போது நடவு எப்படிங்க?"

"அங்கே நல்லா இருக்குன்னு சொன்னாங்களே."

"முடி வளர்ந்து படிஞ்சு இருந்தா அடர்த்தியாத்தான் தெரியும். இப்படி மொட்டை போட்டுப் பார்த்ததாலதான் பளிச்சுனு தெரியுது."

முருகனை அம்மா உள்ளே இழுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா கேட்டது வேறு.

"கல்யாணம் வரைக்குமாவது நிக்குமா டாக்டர்?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையே கேட்க வாயைத் திறந்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டார், அவ்வளவுதான். மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறமும் அந்தப் பொண்ணு இவரைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கும்?" என்றார்.

மினாக்சிடில் (தலையில் தடவும் மருந்து) எழுதிக் கொடுத்தார். ஃபினாஸ்டரைடு (முடிவேரைச் சிறுக்க வைக்கும் ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் மாத்திரை) பற்றியும், அது சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் தரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மருந்து இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை முழுதாகக் கொண்டுவரும் என்று நம்பாதீர்கள் என்றார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நட வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதற்கு முன்னால், எடுக்கும் இடம் தாங்குமா என்று கேளுங்கள். விற்காத ஒருவரிடம் கேளுங்கள்.

முடி நடும் இடத்துக்கும் ஃபோன் செய்து சொன்னேன். ஆலோசகர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நோ ப்ராப்ளம் சார், தாடியிலேருந்து எடுத்துக்கலாம்" என்றார். தாடியிலும் இல்லாவிட்டால் நெஞ்சிலிருந்தாம். என் உடம்பில் இன்னும் எங்கெல்லாம் தேடுவார்கள் என்று கேட்கத் தெம்பில்லாமல், வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வருடமாக முடிவெடுக்க முடியாமல் தவித்தவன், முடிவெடுத்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்தது பாரிவாக்கம். கல்யாணத் தரகரிடமிருந்து ஃபோன் எண்ணை வாங்கிச் சௌமியாவிடம் பேசினேன். கோவிலில் மொட்டை போட்டது உண்மை, ஆனால் அதற்கு முன்பே முடி போய்விட்டது, இனி வளராது என்று சொன்னேன். அந்தப் பக்கம் பள்ளி விடும் இரைச்சல் கேட்டது.

"முடி இல்லன்னா எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார். "ஆனா சாமியைச் சொல்லி மறைச்சிட்டீங்களே. எங்க அம்மா இதைத் தாங்க மாட்டாங்க."

"நீங்க?"

"முதல்லயே சொல்லியிருந்தா நான் அம்மாகிட்ட பேசியிருப்பேன். இப்ப என்னன்னு பேசுறது?"

இரண்டு நாளில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றார். நேரில் வந்து என்னைப் பார்த்தால் மனசு மாறியிருப்பார்கள் என்றார். பிறகு சமையலறையில் நின்று அழுதார். எனக்கும் ஆற்றாமையாக இருந்தது. முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணை இழந்துவிட்டதாக ஒருவனுக்கு எப்படித் துக்கம் வரும் என்று கேட்காதீர்கள். வந்தது.

இப்போது வாரம் ஒருமுறை நானே மெஷினால் ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். இருப்பது நிற்கட்டும் என்று இரவில் மருந்தும் தடவுகிறேன். மழை தூறினால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிகிறது. ஏசிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறது. பழைய கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்களின் கல்யாண ஃபோட்டோக்களில் இப்போதும் முதலில் மாப்பிள்ளையின் நெற்றியைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் "முடி கொட்டுகிறது" என்றுதான் சொல்வோம். இன்னும் நடந்துகொண்டிருக்கும், எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடக்கூடிய ஒரு காரியம் போல. அது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் நானும் பழைய தலை திரும்பி வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அந்த வருடங்களில் புதிதாக எதையும் தொடங்கவில்லை. ஒரு ஃபோட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் தரகர் புது இடம் ஒன்று சொல்ல அழைத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஃபோனைக் காதில் வைத்தபடி என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார். ஊர், வேலை, சம்பளம் எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு, தெரு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்:

"இந்தாங்க, முதல்லயே சொல்லிடுறேன். பையனுக்கு வழுக்கை. அதைச் சொல்லிட்டு அப்புறம் ஜாதகத்தைக் குடுங்க."

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தோசை ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.