அடுக்களையில் ஒரு நாற்காலிக்கு இடம்

பிரம்மநாயகி தன் ஐம்பத்து நாலாவது வயதில் ஆசைப்பட்டது ஒரே ஒரு சாமானுக்குத்தான். நகை கேட்கவில்லை, காசி யாத்திரை கேட்கவில்லை. அடுக்களையில் உட்கார ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் திருநெல்வேலி டவுனே அவளுக்கு எதிராகத் திரண்டு வந்தது.

நாற்காலி என்பது அவளுடைய யோசனை கூட இல்லை. பாளையங்கோட்டை டாக்டரம்மா அவளுடைய முழங்கால் இரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது. "நின்னுக்கிட்டே சமைக்காதீங்க. தரையிலயும் உட்காராதீங்க. நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குங்க. இல்லைன்னா ரெண்டு வருஷத்துல ஒங்களைத் தூக்கிட்டு வரத்தான் ஆள் வேணும்."

பிரம்மநாயகி வீட்டுக்கு வந்து அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்க்க ஒரு நிமிஷம் போதும். பத்தடிக்கு எட்டடி அறை. அதில் அவளுக்கென்று இருந்தது அடுப்பு மேடைக்கு முன்னால் இரண்டு பாதம் வைக்கிற இடம். மற்றதெல்லாம் பாத்திரம். ஏற்கெனவே நெருக்கடி. போதாக்குறைக்குப் போன வருஷம், தொண்ணூற்று நாலில், அவள் கணவர் பாபநாசத்துக்கு மணிவிழா நடந்தது. கல்வி அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற நல்ல மனிதர், ஒருவருக்கும் பொல்லாப்பு செய்யாதவர். அந்த நல்லதனத்துக்கெல்லாம் ஊர் எவர்சில்வரில் பதில் சொல்லிவிட்டது. குத்துவிளக்கு பதினேழு, டிபன் கேரியர் இருபத்து மூன்று, இடியாப்ப நாழி ஒன்பது. அவர்கள் வீட்டில் இடியாப்பம் சாப்பிடுவது இரண்டே பேர்.

எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருந்தது. ஒரு டீஸ்பூனைக் கொடுத்தாலும் பேர் வெட்டாமல் கொடுக்கிற ஊர் இல்லை அது. கொடுத்தவர் பேர், கீழே 'சி. பாபநாசம் மணிவிழா', அதற்கும் கீழே தேதி. அடுக்களை மூலையில் நின்ற பித்தளை அண்டாவில் மட்டும் எழுத்துகள் விரல் நீளத்துக்கு இருந்தன: 'காந்திமதி, ஸ்ரீவைகுண்டம்'. காந்திமதி பாபநாசத்தின் அக்காள்.

பிரம்மநாயகி அந்த அண்டாவைச் சுற்றித் தரையில் கோலப்பொடியால் ஒரு சதுரம் போட்டாள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. நாற்காலிக்கான இடம். இனி இங்கே நிற்கிறதெல்லாம் வெளியே போக வேண்டும் என்று தீர்மானித்தாள். அண்டாவில் கை வைக்க மட்டும் பயம். முதலில் சில்லறைச் சாமான்களைக் கழித்தால், அண்டாவை வேறு எங்காவது நகர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள், பாவம்.

பாத்திரம் தேய்க்க வருகிற வடிவம்மாளுக்கு ஆறு தூக்குச்சட்டியும் இரண்டு இடியாப்ப நாழியும் கொடுத்தாள். வடிவம்மாள் சிரித்துக்கொண்டே கொண்டு போனாள். சாயங்காலம் அழுதுகொண்டே கொண்டு வந்தாள்.

"யம்மா, எனக்கு இது வேண்டாம். எங்க தெருவே வந்து எட்டிப் பாக்கு. 'பிள்ளைவாள் பேரு போட்டிருக்கே, எப்பம்ளா தூக்குன?'ங்காளுவ. எம் மருமவன் ஒரு வார்த்த பேச மாட்டேங்கான்."

"நான்தான் குடுத்தேம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். ஆறு தூக்குச்சட்டிய யாராவது சும்மா குடுப்பாவளான்னு கேக்காவ."

பேர் போட்ட பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது வேறு இருக்கிறதே. வடிவம்மாள் ஆறு சட்டியிலும் முருங்கைக்கீரையைத் திணித்திருந்தாள். மிச்சக் கீரைக்கு இடமில்லாமல் சொந்தத்தில் ஒரு வாளி கொண்டு வந்து, அதையும் வைத்துவிட்டுப் போனாள். போனது எட்டு, வந்தது ஒன்பது.

அடுத்து, பாத்திரக் கடை அகமது மீரான். பழசைப் போட்டுப் புதுசு எடுக்க வந்தவள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். "புதுசு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. இதையெல்லாம் வச்சுக்கிட்டாப் போதும்" என்று அவள் ஒரு சாக்கு நிறைய டிபன் கேரியரை இறக்கினாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இதுல பேர் வெட்டுனதே நாந்தான். குடுத்தவுக எல்லாரும் நம்ம கடை வாடிக்கை. நாளைக்கு அவிய வந்து, நாம ஆசையா குடுத்தது இங்கன பழசுல கெடக்கேன்னு பாத்தாவன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுதது?"

சாக்கை அவரே சைக்கிளில் கட்டி அனுப்பி வைத்தார். ரொம்ப மரியாதையான மனுஷர். மேலே ஒரு புதுக் கிண்ணம் நிறையப் பேரீச்சம்பழம் இருந்தது.

பிரம்மநாயகிக்கு வந்த ஆத்திரத்தில், அடுத்த வெள்ளிக்கிழமை குளிக்கப் போகிற சாக்கில் ஒரு பையோடு குறுக்குத்துறைக்குப் போனாள். பையில் முறுக்கு நாழி, மூன்று குழிக்கரண்டி, ஒரு பெரிய தாம்பாளம். படியில் பையப் பைய இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தாமிரபரணிக்குள் விட்டாள். தாம்பாளம் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போய் மினுக்கிவிட்டு முங்கியது. வீட்டுக்குத் திரும்பும்போது முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் ஈரவேட்டியோடு ஒரு ஆள் நின்றார். வாழைக்காய் மண்டி பூதத்தான். கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் முறுக்கு நாழி, மூன்று குழிக்கரண்டி.

"அம்மாவுக்குக் கைதவறிட்டு போல. அண்ணாச்சி மணிவிழாச் சாமானு, ஆத்தோட போக விட முடியுமா? மூணு மட்டம் முங்குனேன். நாலாவது மட்டம்தான் கரண்டி கெடச்சுது. கூட இந்தச் செம்பும் கெடந்துச்சு. பேரு கீரு ஒண்ணும் இல்ல. ஒங்களதாத்தான் இருக்கும்."

"எங்க செம்பு இல்ல" என்றாள் பிரம்மநாயகி.

"பேரு இல்லல்லாம்மா, யாருகிட்டன்னு கொண்டு குடுக்க? இருக்கட்டும்."

பாபநாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பூதத்தானுக்கு இலை போட்டு வற்றல் குழம்பு ஊற்றச் சொன்னார். அவர் போன பிறகு மனைவியிடம், "பாத்தியாளா? பாத்திரம்னா வெறும் பாத்திரமா? அம்புட்டும் மனுசங்கல்லா. நம்மள விட்டுப் போகாது" என்றார். பிரம்மநாயகி முழங்காலைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அம்புட்டு மனுஷரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் நாற்காலியின் கதையையும் சொல்ல வேண்டும். இடம் வரட்டும், அதுவரை கூடத்தில் கிடக்கட்டும் என்று ஆனி மாதமே ஓர் இரும்பு மடக்கு நாற்காலி வாங்கியிருந்தாள், பச்சைப் பெயிண்ட் அடித்தது. வாங்கின மூன்றாம் நாள் அது எதிர்வீட்டு வளைகாப்புக்குப் போனது. அங்கிருந்து அடுத்த தெருப் பூப்புனித நீராட்டுக்கு. அதற்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. இரண்டாவதாக ஒன்று வாங்கினாள். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு என்று தெருமுனை அம்மன் கோயில் ஆட்கள் வந்து கேட்க, பாபநாசம் தானே மடக்கி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பிரம்மநாயகி கோயிலுக்கே போனாள். பந்தலில் நூறு நாற்காலி, நூறும் பச்சை. ஒன்றின் மேல் ஒலிபெருக்கிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கொடைக் கமிட்டி இசக்கிமுருகன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"ஒங்க சேரு எதும்மா?"

"தெரியலையேப்பா."

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பேரா வெட்டியிருக்கு?" என்றான் அவன். பிறகு, "சேரை விடுங்க. சக்கரைப் பொங்கலுக்கு ஒரு அண்டா பத்தல. ஒங்க வீட்ல இருக்கும்லா?" என்று கேட்டான்.

மேளம் காதைப் பிளந்தது. பிரம்மநாயகி அந்த நூறு பச்சைக்கும் நடுவில் அசையாமல் நின்றாள். பேர் உள்ளது ஆற்றில் போட்டாலும் வருகிறது. பேர் இல்லாதது எதிர்வீட்டில் இருந்துகூட வரமாட்டேன் என்கிறது. இத்தனை நாள் இது புரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அண்டா நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, கைக்கு எட்டிய ஒரு நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டாள். அது அவளுடையதுதானா என்பது அம்மனுக்கே வெளிச்சம். ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து, ஆட்டோக்காரரை விட்டே அண்டாவையும் தூக்கிப் போட்டு, நேரே மீரான் கடை.

"அண்ணாச்சி, அண்டாவுல இருக்க பேரை அழிக்கணும்."

மீரான் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா பேர் வெட்டுதேன் தாயி. அழிக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. அதுலயும் காந்திமதியம்மா பேரு."

"முட்டி வலிக்கு அண்ணாச்சி."

இன்னும் சொல்ல நினைத்திருந்தாள், அழுகைதான் வந்தது. மீரான் தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார். பிறகு அண்டாவை உருட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனார். உள்ளே சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. வரும்போது காந்திமதியும் மணிவிழாவும் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"இந்தச் சேர்ல பேர் வெட்டணும்" என்றாள்.

"சேர்லயா? சரி. அண்ணாச்சி பேருதான?"

"எம் பேரு."

"மணிவிழா, கிணிவிழான்னு எதாவது கீழ போடணுமா?"

"அடுக்களைன்னு போடுங்க."

மீரான் சின்ன உளியை வைத்து முதுகுத் தகட்டில் டொக் டொக்கென்று தட்டினார். பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து வெள்ளையாக எழுத்து வந்தது. 'பிரம்மநாயகி, அடுக்களை'. முப்பத்து மூன்று வருஷம் சமைத்திருக்கிறாள். அந்த அடுக்களையில் ஒரு கரண்டிக் காம்பில்கூட அவள் பேர் கிடையாது. எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

அண்டா கொடைக்குப் போனது. "பேர் போட்டிருக்கு, எங்க போவும், வந்துரும்" என்று பாபநாசம் அண்டாவைத் திருப்பிப் பார்க்காமலே நிம்மதியாக வழியனுப்பினார். அது வரவே இல்லை. கோலப்பொடிச் சதுரத்தில் நாற்காலி அச்சாகப் பொருந்தியது. இரண்டு வாரம் பிரம்மநாயகி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், உட்கார்ந்து தேங்காய் துருவினாள், ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே உட்கார்ந்தும் பார்த்தாள்.

மூன்றாம் வாரம் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து ஒரு தார் வாழைப்பழத்தோடு காந்திமதி வந்து இறங்கினாள். அவளுக்கும் முழங்கால். பாபநாசம் ஓடிப்போய் அடுக்களை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தார். இதுவும் போச்சு என்று பிரம்மநாயகி நினைத்தாள்.

காந்திமதி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நான் குடுத்த அண்டாவ எங்க காணும்?"

"அம்மன் கொடைக்குப் போயிருக்கு மதினி."

"ஆத்தா காரியத்துக்கா? நல்லதுதான்" என்று காந்திமதி சந்தோஷப்பட்டாள். இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசினாள். எழுந்திருக்கும்போது நாற்காலி முதுகைப் பிடித்தாள். விரலில் ஏதோ உரசியது. குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிமிர்ந்து தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"குடுத்தவுக பேருல்லா போடுவாவ. இது யாரு ஒனக்குக் குடுத்தது?"

"நாந்தான் மதினி. எனக்கு நானே குடுத்துக்கிட்டேன்."

காந்திமதி தன் முழங்காலை ஒரு தரம் தடவினாள். பிரம்மநாயகியின் காலையும் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஏலே பாபநாசம்! பேர் போட்ட சாமானை எடுத்தா எடுத்த எடத்துல கொண்டு வைக்கத் தெரியாதா? அறுபது வயசு ஆச்சில்லா?"

அவர் பதறிப்போய் நாற்காலியைத் தூக்கினார்.

"வெறுமனேயா கொண்டு போற? என்ன பழக்கம்லே இது!" என்று காந்திமதி தாரில் இருந்து ஒரு சீப்பை அறுத்து நாற்காலியின் மேல் வைத்தாள்.

பாபநாசம் நாற்காலியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, பழம் விழாமல், சீர்வரிசை கொண்டு போகிற நடையில் அடுக்களைக்குள் போனார். சதுரத்துக்குள் நாலு காலும் சரியாக வரும்படி குனிந்து பார்த்து வைத்தார்.

பிரம்மநாயகி பழத்தை எடுத்தாள். மேடையில் வைக்க இடமில்லை, அலமாரியில் இடமில்லை, பரணில் இருபத்து மூன்று டிபன் கேரியர். சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.