தலைப்புக்கு மட்டும் வருத்தம்

அரசியல்வாதியைப் பற்றி எழுதினால் அவர் போனில் திட்டுவார். கோர்ட்டைப் பற்றி எழுதினால் போனே வராது, நேராக நோட்டீஸ்தான். கோர்ட் செய்தி எழுதிப் பிழைத்த சக பாவிகளே, இது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

முதல் செய்தி

பாறசாலையில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர் தங்கராஜ் சார். நிருபர் நான் ஒருத்திதான். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஃபேன் ஓடவில்லை, சாட்சி மயங்கி விழுந்தார் என்று எழுதிக் கொடுத்தேன். சார் ஒவ்வொரு வரிக்கும் ‘எனக் கூறப்படுகிறது’ என்று வால் ஒட்டினார். நான் கண்ணால் பார்த்தேனே என்றேன்.

“நீ பார்த்தது செரிதான் மக்கா. நாளைக்கு ஃபேனுக்கு எதிரா சாட்சி சொல்ல ஆளு உண்டா?”

சாரின் கோபம்

அதியன்னூர் சரோஜம் அக்கா வீட்டுக்குப் போகும் வழியைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டி அடைத்துவிட்டார். பக்கவாதத்தில் விழுந்த கணவரை நாற்காலியில் வைத்து, வாழைத்தோட்டம் வழியாகத் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்ற வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் தோற்றும் போனது. தீர்ப்பு ஏன் தவறு என்று நான் காரணங்களோடு எழுதினேன்.

அந்த நாற்காலியை ஒருநாள் சாரும் பிடித்துத் தூக்கியிருந்தார். இந்தமுறை அவர் வால் ஒட்டவில்லை. ‘நீதி யாருக்கு விலைபோனது?’ என்று தலைப்பே போட்டுவிட்டார். எறணாகுளம் உயர்நீதிமன்றத்திலிருந்து கோர்ட் அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. சேதி கேட்டு சரோஜம் அக்கா ஓடி வந்தாள்.

“எனக்க வழிக்காகச் சாரு ஜெயிலுக்குப் போவண்டாம். நாங்க வாழைக்க எடையிலே நடந்து பழகியாச்சு.”

எறணாகுளத்தில்

மொத்தக் கட்டுரைக்கும் மன்னிப்புக் கேட்டால் உடனே முடிந்துவிடும் என்றார் வக்கீல். சார் மாட்டேன் என்றார். என்னோடு ரயிலேறி வந்தவர், நீதிபதி முன்னால் நின்றதும் தெளிவாகப் பேசினார்: தலைப்புக்கு ஆதாரம் இல்லை, வருந்துகிறேன், செய்தி உண்மை, அதற்கு வருந்த மாட்டேன். நீதிபதி கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தீர்ப்பு தப்புன்னு தாராளமா எழுதுங்க. விலைபோச்சுன்னா ரசீது வேணும்.”

வருத்தத்தை முதல் பக்கத்தில் போடச் சொல்லி விட்டுவிட்டார். போட்டோம்.

பனச்சமூட்டில்

அப்பீலில் சரோஜம் அக்காவுக்கு வழி கிடைத்தது. அதற்குள் தங்கராஜ் சார் காலமாகிவிட்டார், பத்திரிகையும் நின்றுபோனது. பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். கணவர் கம்பு ஊன்றி அந்த வழியாக நடக்கிறாராம். சாரைப் பற்றிப் பேசிக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்:

“என்ன சொன்னாலும், சாரு போட்ட தலைப்பு நல்ல தலைப்பாக்கும்!”

பத்திரிகைச் சுதந்திரம் என்றால் என்ன என்று இன்று யாராவது கேட்டால், எறணாகுளம் கோர்ட்டுக்குப் போய்விட்டு, எடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டிலேயே ஊர் திரும்ப முடிவது என்றுதான் சொல்வேன்.