நீ முன்னாடி போ

சைக்கிளில் ஏறும் முன் டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார் இரும்புக்கடைக்காரர். முதலில் மனைவியுடையது, பிறகு தன்னுடையது. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்துச் செயின் ஓடும் சத்தத்தைக் கேட்பார். திருப்தி என்றால் மணியில் ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் மனைவி ஏற வேண்டும்.

கடையை மகனிடம் ஒப்படைத்தபின் கிளம்பிய முதல் பயணம். வேன் கூரையில் இரண்டு சைக்கிள்கள். வேனை ஓட்ட மனைவியின் தம்பி. ஆற்றங்கரை வந்தால் சைக்கிள், பழைய பாலமோ கோட்டையோ வந்தால் நிறுத்தம். ஊரைத் தொட்டு ஓடும் ஆறு இன்னோர் ஆற்றோடு சேருகிற இடத்தில் இருவரும் சேர்ந்து போய் நிற்க வேண்டும் என்பது, கல்யாணமான புதிதிலிருந்தே அவள் சொல்லிவரும் ஆசை. அவருக்குத்தான் ஷட்டரை இறக்க மனம் வந்ததில்லை.

சரித்திரத்தை அவர் இரும்பு வழியாகத்தான் படிப்பார். கோட்டைக் கதவின் கீலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோட்டை பழசுதான். தாழ்ப்பாள் நம்ம கடைச் சரக்கு. ராஜா எப்ப வந்து வாங்கிட்டுப் போனாருன்னுதான் தெரியல" என்பார்.

"விட்டா இங்கயே ஸ்டாக் எடுப்பாரு" என்று மனைவி தம்பியிடம் முணுமுணுப்பாள்.

போகப் போக நிறுத்தங்கள் கூடின. சாதாரண மைல்கல்லுக்குக்கூட இறங்கினார். "நீ முன்னாடி போ, பாத்துட்டு வந்துடறேன்." பின்னால் வேனில் வந்த தம்பி ஒருமுறை கவனித்தான். அவர் கல்லைப் பார்க்கவில்லை. அதன்மேல் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாத மாப்ள. தெரிஞ்சா அவ சைக்கிளையும் மேல ஏத்திக் கட்டிடுவா. காலமெல்லாம் கல்லாவுலயே உக்காந்துட்டேன். இப்ப நெஞ்சு கணக்கு கேக்குது."

கடைசி நாள். ஆறுகள் சேரும் இடத்துக்கு வேன் போகாது. மேட்டில் ஏறும் ஒற்றையடிப் பாதைதான். பாதை தொடங்கும் இடத்தில் பாழடைந்த நீரேற்று நிலையம் ஒன்று. அதன் வாசலில் அவர் இறங்கிவிட்டார். வழக்கம்போல அவளை முன்னால் போகச் சொன்னார்.

அவள் நின்றாள். "என்னைவிட அந்தத் துருப்பிடிச்ச பம்புதான் உங்களுக்கு ஒசத்தி" என்றாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். மூச்சு ஒத்துழைக்கவில்லை. அவள் மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்தபின் திரும்பி வந்தாள். எப்படி இருந்தது என்று அவர்தான் முதலில் கேட்டார். ஒரு தண்ணீர் கலங்கலாம், ஒன்று தெளிவாம். கொஞ்ச தூரம் கலக்காமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடுமாம். வேனில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நீ பாத்துட்டேல்ல. அது போதும்."

மாதங்கள் கழிந்து ஒருநாள், பேச்சுவாக்கில் அவள் தம்பியிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் அங்கே போகவேயில்லை. கடைசி வளைவுக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவர் வருவார் என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். தண்ணீரின் இரைச்சல் மட்டும் அங்கே நன்றாகக் கேட்டதாம்.