கயிற்றின் மேல்முனை

உத்திரமேரூர் பக்கத்தில் ஏஞ்சலிடம் வாய் கொடுத்துவிட்டுத் தப்பியவர்கள் குறைவு. நாற்று நடும்போது வரப்பில் நின்று அதிகாரம் பண்ணும் மேஸ்திரியை அப்படியே நடித்துக் காட்டுவாள். நடுகிற பெண்கள் சிரிப்பதைப் பார்த்து, யாரைப் பற்றி என்று தெரியாமல் மேஸ்திரியும் கூடச் சிரிப்பார். லோடு ஆட்டோ ஓட்டும் புருஷன் ஆல்பர்ட் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், சோற்றை நாய்க்கு வைக்கப்போவதாகச் சொல்லியே எழுப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு தீராத வயிற்றெரிச்சல் இருந்தது. மலைப்பள்ளிக்கூடத்து விழாவில் வருஷா வருஷம் தேய்க்கிற பிரியாணி அண்டாதான் அது.

மலை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிவிட வேண்டாம். ஏரிக்கரையைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறைக்குன்று, அதன் சரிவில் ஒரு ஓட்டுக் கட்டடம், அவ்வளவுதான். பொங்கல் கழிந்து நடக்கும் விழாவில் பலூன் கடை, பஜ்ஜிக் கடை, பிள்ளைகள் ஆட்டம், ரஹமத்துல்லா பாய் கைமணத்தில் பிரியாணி எல்லாம் உண்டு. கடைசியில் ஊர்ப் பெண்களும் ஏஞ்சலின் காலனிப் பெண்களும் கயிறு இழுப்பார்கள். தோற்ற பக்கம் அண்டா தேய்க்க வேண்டும். எந்தப் புண்ணியவானோ விளையாட்டாகப் போட்ட சட்டம். ஆனால் ஊர்ப் பெண்கள் தேய்த்ததாக யாருக்கும் நினைவில்லை. மைதானமே சரிவு. கீழ்முனை பிடித்தவர்கள் சும்மா பின்னால் சாய்ந்தாலே போதும், மேலே நிற்பவர்கள் வழுக்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். கீழ்முனை எப்போதும் ஊருக்குத்தான். ஏன் என்று கேட்டால், வழக்கம் என்பார்கள்.

பூவா தலையா போட்டு முனை பிடிக்கலாமே என்று ஏஞ்சல் பல வருஷம் நேராகவே கேட்டுப் பார்த்தாள். தலைமையாசிரியர் முத்துகிருஷ்ணன் நல்ல மனிதர். வழுக்கையைத் தடவிக்கொண்டு, விளையாட்டுதானேம்மா என்றார். விளையாட்டென்றால் எல்லார் கையிலும் அல்லவா கரி படவேண்டும்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுக் கிடைக்காத நியாயத்தை நைசாகத்தான் வாங்க வேண்டும் என்று போன வருஷமே முடிவு கட்டிக்கொண்டாள்.

இந்த வருஷம் விழாவை யூடியூபில் லைவ் காட்ட, வீடியோ எடுக்கும் மோகன்குமார் வந்திருந்தான். ஏஞ்சல் அவனுக்கு மோர் கொடுத்து, சரிவின் அடியில் இருந்த வேப்பமர நிழலைக் காட்டி, கேமராவை அங்கே நிறுத்தச் சொன்னாள். வெயிலுக்குப் பயந்த பிள்ளை, நிறுத்திவிட்டான். பிறகு தண்ணீர்த் தொட்டி பக்கம் போய், ஊர்ப் பெண்கள் காதில் விழும்படி, தன் கூட்டத்தைப் பவுடர் பூசிக்கொள்ளச் சொன்னாள். கேமரா கீழே இருப்பதால் மேல்முனைக்காரர்கள் முகம்தான் தெரியுமாம். கீழ்முனைக்காரர்களுக்கு முதுகும் கொண்டையும்தானாம்.

ஊர்ப் பெண்களுக்குத் தலைவி செங்கேணி. அவள் மகன் குவைத்தில் இருக்கிறான், லைவ் பார்ப்பதாக நேற்றே சொல்லியிருந்தான். அதற்கென்றே அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மைதானம் சரிவென்று அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவளே உருண்டு விழுந்த சரிவு அது. ஆனால் பெற்ற மகனுக்கு முதுகைக் காட்டுவாளா எந்தத் தாயாவது?

"ஏஞ்சலு, இந்த வாட்டி நாங்க மேல நிக்கிறோம்" என்றாள்.

"அது எப்டிக்கா? காலங்காலமா அது எங்க எடமாச்சே. வயக்கத்த மாத்தலாமா?"

ஏஞ்சல் முகத்தைத் தொங்கப் போட்டாள். முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் தலைமையாசிரியரே வந்து, ஒரு வருஷம் விட்டுக்கொடும்மா என்று கெஞ்சினார். போனால் போகிறது என்று அவளும் விட்டுக்கொடுத்தாள்.

விசில் ஊதினார்கள். காலனிப் பெண்கள் சாய்ந்தார்கள். ஊர்ப் பெண்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமலே வழுக்கி, வேப்பமரத்தடி வரைக்கும் வந்து குவிந்தார்கள். செங்கேணியின் முகம் குவைத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

கொஞ்ச நேரம்தான் அந்தக் கும்மாளம். அண்டாக்களைக் குழாயடிக்கு உருட்டி வந்ததும் ஊர்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பட்டுப்புடவையோடு எப்படித் தேய்ப்பது, இந்த வருஷமும் பழகினவர்களே தேய்க்கட்டுமே என்று யாரோ ஒரு ஆள் முனகினான். தலைமையாசிரியரின் கை மறுபடியும் வழுக்கைக்குப் போனது. ஏஞ்சல் அண்டாவைப் பார்த்தாள். ஜெயித்தும் இதுதானா? அவளையறியாமல் அவள் கையே பழக்கதோஷத்தில் தேங்காய் நாரை எடுத்துவிட்டது.

அந்த நாரை வெடுக்கென்று பிடுங்கினாள் செங்கேணி.

"குடு இங்க. தோத்தது நானு. நீ போய்க் குந்து."

பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்தாள். தலைவியே இறங்கியபின் மற்றவர்கள் என்ன செய்வார்கள், ஆளுக்கொரு பாத்திரத்தை இழுத்துக்கொண்டார்கள்.

ஏஞ்சல் கல்லின் மேல் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு கழுத்தை நீட்டி அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, அடில புட்ச்சிக்கினு கீது பாரு. நல்லா அயுத்தித் தேயி."

அண்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"கேமராவ அங்க யாரு வெக்கச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்டி. வர்ற வருசம் பூவா தலையா போட்டுத்தான் முனை புடிக்கணும், சொல்ட்டேன்."

இத்தனை வருஷமாக ஏஞ்சல் கேட்டதும் அதைத்தானே. அவள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"சரிக்கா. காசு நான் கொண்டாறேன்."