மூன்றாம் நபரின் தாய்

என் மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. "சின்ன வயசுலயே தினமும் தெரபி குடுத்தா நல்லா முன்னேறுவா. லேட் பண்ணாதீங்கம்மா" என்றார். தனியார் மையங்கள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசு மையத்தில் பெயரைப் பதிந்தோம். ஆறு வயது வரைதான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள்.

மாதாமாதம் ஜோகுபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்பேன். கவுண்டரில் இருந்தவள் ஆனேக்கல் பக்கத்துத் தமிழ்ப் பெண். "இன்னும் உங்க டர்ன் வரலக்கா. முன்னாடி நிறைய பேர் இருக்காங்க" என்பாள். எத்தனை பேர் என்று கேட்டால் சிரிப்பாள். நானும் மானங்கெட்டுச் சிரித்துவிட்டு வருவேன். வீட்டில் என் மகள் குழாய்த் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு தடவை அம்மா என்று சொல்லிவிட மாட்டாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அவளுக்கு ஐந்து வயது ஆனதும் என் பொறுமை போய்விட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பள்ளியில் படித்த கன்னடம் கைகொடுத்தது. வரிசையில் அவள் எங்கே நிற்கிறாள், பயிற்சி கொடுக்க யார் இருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தேன். மனு திரும்பி வந்தது. இந்த மாநில விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்கலாம், அதுவும் நூற்றைம்பது வார்த்தைக்குள். என் பிள்ளை ஒரே விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். பேசாத பிள்ளைக்காக உட்கார்ந்து வார்த்தைகளை வெட்டினேன். தனித்தனி மனு, கட்டணத்துக்குத் தனித்தனி போஸ்டல் ஆர்டர்.

வரிசையில் அவள் இடம் எது என்ற மனுவுக்குத்தான் முதலில் பதில் வந்தது. அது மூன்றாம் நபரின் சொந்தத் தகவலாம், தர முடியாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் இங்கே கல்லுமாதிரி இருக்கும்போது யார் மூன்றாம் நபர்? பிறப்புச் சான்றிதழோடு மேல்முறையீட்டுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பிள்ளை சார்புல கேக்கறேன்னு நீங்க எழுதலையேம்மா. புதுசா ஒண்ணு போடுங்க" என்று கன்னடத்தில் சொன்னார்.

பயிற்சியாளர் பற்றிய மனு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போனது, அங்கிருந்து மற்றொன்றுக்கு. அனுப்பிவிட்டோம் என்று ஒவ்வொருவரும் எனக்கு நகல் அனுப்பினார்கள். அதில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை. அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே என் மகளுக்கு ஆறு வயது முடிந்தது.

கடைசியில் பதில் வந்தது. அந்த மையத்தில் பயிற்சியாளர் பணியிடம் காலி. நாங்கள் பெயர் பதிவதற்கு முன்பிருந்தே காலி. இத்தனை காலமும் ஆளில்லாத ஓர் அறையின் முன்னால்தான் என் பிள்ளையை நிறுத்தி வைத்திருந்தேன். அன்று அழுத அழுகையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு கவுண்டருக்குப் போனேன். கத்துவதற்கென்றே போனேன். அந்தப் பெண் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்க்கா" என்றாள். "சொன்னா எல்லாரும் பேர எடுத்துட்டுப் போயிடுவாங்க. லிஸ்ட்ல ஆள் இல்லன்னா போஸ்ட்டே வேணாம்னு மேல எழுதிடுவாங்க. அதான் சொல்லல."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு சின்னப் பையன், அப்பாவின் மடியில், சாவிக்கொத்தைக் கண்ணருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வயது இருக்கலாம். அன்றுதான் பெயர் பதிய வந்திருந்தார்கள்.

"பாப்பாவுக்கு ஆறு முடிஞ்சுடுச்சுல்லக்கா" என்றாள் அவள் மெதுவாக. "பேர எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும், எடுக்காதே" என்றேன்.